மூன்று அட்டையும் ஒரே மருந்து

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஆடி மாதக் காலையில் ராஜபாளையத்தில் நடந்தது இது. சேத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறேன்.

அந்த வீட்டுக்கென்று ஒரு டாக்டர் உண்டு. வீட்டு அம்மாவின் மாமனார் காலத்திலிருந்து வருகிறவர். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தலைவலி என்றால்கூட ஒரு போன் போதும்.

எங்களுக்கு அப்படி யாரும் கிடையாது. லோடு ஏற்றும் வேலை பார்த்த என் கணவருக்குத் தீராத இடுப்பு வலி. வேலை முடிந்து வரும்போது எந்தக் கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கே போவார். மாத்திரை தீர்ந்தால் மெடிக்கலில் வாங்கிக்கொள்வார். முன்னால் என்ன சாப்பிட்டார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஆடியில் அவருக்குக் கால் வீங்கியது, முகம் ஊதியது, சோறு இறங்கவில்லை.

சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவரையும் கூட்டி வந்திருந்தேன். வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று அம்மாவுக்கு பிரஷர் பார்க்க டாக்டர் வந்தார். அவர் கிளம்பும்போது பின்னாலேயே வாசலுக்கு வந்து கேட்டுவிட்டேன்.

"சார், எங்க வீட்டுக்காரரச் செத்த பாத்துட்டுப் போறியளா?"

அம்மா உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் காட்டக் கொண்டுவந்த மாத்திரைகளை வாங்கிப் பார்த்து, மூன்று அட்டைகளைத் தனியே எடுத்தார்.

"மூணும் ஒரே வலி மாத்திரை. பேருதான் வேற. எம்புட்டு நாளா சாப்பிடுதீங்க?"

"ஒரு வருசம் இருக்கும் சார். ஒண்ணு இடுப்புக்கு, ஒண்ணு காலுக்குன்னு நெனச்சேன்."

"இத இப்பவே நிறுத்துங்க. கிட்னியப் பாதிச்சிருக்கும்னு தோணுது. இன்னைக்கே ரத்தம் பாக்கணும்" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

எங்கள் தெருவில் ஒருவர் டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்து போய்ச் சேர்ந்தவர். பஸ்ஸில் போகும்போது அவர் முகம்தான் கண்ணில் நின்றது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து அங்கிருந்த லேடி டாக்டர், "நல்ல நேரத்துல வந்துட்டீங்க. கிட்னி தேறி வருது, டயாலிசிஸ் தேவைப்படாது" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்து, "ஏட்டி, பசிக்குது" என்றார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

இப்போது அவர் மூட்டை தூக்குவதில்லை, ஒரு மில்லில் வாட்ச்மேன். காய்ச்சல் வந்தாலும் அம்மா வீட்டு டாக்டரிடமே போகிறோம். "உப்பக் குறைச்சீங்களா?" என்று அவர் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கும்போது, நம்மையும் ஒருத்தர் தெரிந்து வைத்திருக்கிறார் என்று மனசு லேசாகிறது. ஆனால், நான் வேறொரு வீட்டில் சமையலுக்குச் சேர்ந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்கு இருந்திருப்பாரா என்ற கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை.