தன் வயலுக்குத் தண்ணீரை அடைத்தவள்

ஊரில் அவளை மோட்டாரம்மா என்பார்கள். ஒன்பது குடும்பங்கள் வரப்பை அழித்து, நிலங்களை ஒன்றாக்கி மக்காச்சோளம் போட்டபோது, பொதுவுக்கு விட்ட கிணறும் மோட்டாரும் அவளுடையவை. கொத்தனாரான கணவனுக்கு அந்த ஏற்பாட்டில் மனசே ஒட்டவில்லை.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை கைவிட்டது. கிணற்றில் இருந்த தண்ணீர் பாதி நிலத்துக்குத்தான் காணும். மேற்குப் பக்கம் களிமண், ஈரம் தாங்கும். கிழக்கே, அவள் நிலம் இருந்த பக்கம், மணல். எதைக் கைவிடுவது என்று சொல்லக் கூட்டத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

"கிழக்க விட்டுடுவோம்" என்றாள் அவளே.

வீட்டில் கணவன் குதித்தான். "ஊரான் பயிரு பச்சையா நிக்கணும், நம்மது கருகணுமா?"

"ரெண்டு பக்கமும் விட்டா ரெண்டும் போயிடுங்க."

"நாளைக்குப் பங்கு இல்லன்னு கையை விரிச்சா?"

அவள் மோட்டார் அறைக்கு நடந்தாள். போய்க் கிழக்கு வால்வை அடைத்தாள். தோகை சுருண்டு, வயல் நாளுக்கு நாள் வெளுத்தது. கணவன் அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனான்.

அறுவடை முடிந்து பங்கு பேச உட்கார்ந்தார்கள். மேற்கில் நிலம் வைத்திருந்த மீசைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"வெளஞ்ச நிலத்துக்குத்தானே பங்கு? கருகினதுக்கு எப்படிங்க?"

யாரும் நிமிரவில்லை. வாசலில் சுண்ணாம்புக் கையோடு நின்ற கணவன் அவளையே பார்த்தான். அவள் பேச எழுந்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அதற்குள் மீசைக்காரரின் மனைவி சீறினாள்: "ஏன்யா, நம்ம கதிரு உன் மீசைய முறுக்கினதுலயா முத்துச்சு? அவ கிணத்துத் தண்ணிய்யா அது!"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் இறுக்கம் உடைந்தது. நிலத்தின் அளவுப்படியே எல்லோருக்கும் பங்கு என்று கைகள் உயர்ந்தன. மீசைக்காரரின் கை கடைசியாக, அரைகுறையாக எழுந்தது.

ஊரில் தனித்தனியாகப் பயிர் வைத்த பலர் அந்த வருஷம் மாட்டை விற்றார்கள். அவள் கொட்டிலில் எருமை அப்படியே நின்றது. மகளின் படிப்பும் நிற்கவில்லை. கணவன் ஒரு விடுமுறை நாளில் சிமெண்டு குழைத்து, மோட்டார் அறையின் விரிசலைப் பூசினான்.

அடுத்த விதைப்புக்கு முன் கூட்டத்தில் அவள்தான் முதலில் பேசினாள். இம்முறை நாக்கு ஒட்டவில்லை.

"கருகினா யாருக்கு என்னன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. அதுக்கப்புறம் விதைய எடுக்கலாம்."