விலாங்குக்குப் படி வைத்தவன்

ஊரில் அணை கட்டப் படித்தவன் நான். லண்டனில் அணையைத் தாண்டி மீன் ஏற வழி செய்து பிழைக்கிறேன். நாள் முழுக்க ஆளில்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

அசைக்கக்கூடாத செங்கல்

பழைய மாவு ஆலைக்காக ஆற்றின் குறுக்கே கட்டிய அணை அது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் ஒரு செங்கலைக்கூட எடுக்க முடியாது. எனவே பக்கவாட்டில் சாய்வாக ஒரு தொட்டி வைத்தோம். உள்ளே அடர்த்தியான பிரஷ். பம்ப் அதை நனைத்துக்கொண்டே இருக்கும். கடலிலிருந்து வரும் விலாங்குக் குஞ்சுகள் அதைப் பற்றி ஏறி, உச்சியில் உள்ள பெட்டியில் விழ வேண்டும். காலையில் நான் திறந்து, எண்ணி, அணைக்கு மேலே விட வேண்டும். ஜூன் முடிவதற்குள் ஒன்றாவது வராவிட்டால் தொட்டியைக் கழற்றிவிடுவார்கள்.

ஏப்ரல் போனது, மே போனது, பெட்டி காலி. தினமும் நாயோடு நடக்க வரும் வெள்ளைக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒன்றுமில்லையா? பரவாயில்லை, நாளைக்கும் நீங்கள் வருவீர்கள்தானே."

மீன் கடையில்

ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் கிடைக்கும் என்றே கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் உள்ள யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போவேன். அரை கிலோ மீன் வாங்க அரை மணி நேரம் நிற்பேன். ஒருநாள் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். விவரமாகச் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நாங்கள் மீனைப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கப் படுற பாடு, தம்பி. நீங்கள் திறந்து விடுறியளோ?"

எலுமிச்சை வாசம்

ஜூன் இரண்டாவது வாரம் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண் யாழினி பம்பைச் சோதிக்க வந்தார். பிரஷைத் தொட்டு முகர்ந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். சும்மா இருந்தால் வீட்டு நினைப்பு வருகிறது என்று, தினமும் பாத்திரம் கழுவும் எலுமிச்சை சோப்பு போட்டுத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விலாங்குக்கு மோப்பம் அதிகமாம். ஆற்றுப் பாசி வாசம் இருந்தால்தான் கிட்டவே வருமாம். இரண்டரை மாதமாக வந்தவற்றையெல்லாம் நானே விரட்டியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அவர் திட்டவில்லை. "இனி ஒண்டும் செய்யாதேங்கோ. உங்களுக்குச் சும்மா இருக்க ஏலுமோ?" என்றார்.

ஒன்று

சும்மா இருந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலை இதுவரை நான் பார்த்ததில்லை. ஜூன் கடைசி வாரம், ஒரு காலையில் பெட்டியின் மூலையில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று நெளிந்தது. வாளியில் எடுத்து, அணைக்கு மேலே விட்டேன். ஒரு முறை வாலை ஆட்டியது, போய்விட்டது. இனி தொட்டியைக் கழற்ற மாட்டார்கள். சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அன்றைக்குப் பார்த்து நாய்க்காரரும் வரவில்லை. திருச்சியில் இருக்கும் மனைவிக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள்:

"பாவம், மேல போனா அங்க அதுக்கு யாருங்க இருக்கா?"

மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த ஒரே துணையையும் நாமே வழியனுப்பி வைத்தால், எங்கள் தொழிலில் அதற்கு வெற்றி என்று பெயர்.