வெடிக்கு அஞ்சாத நாய்

சினிமாவில் குதிரை ஓடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கதாநாயகன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவான், தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும், நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவேன். அந்தக் குளம்புச் சத்தம் குதிரையுடையது இல்லை, ஓர் ஆள் அறைக்குள் உட்கார்ந்து இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டுகிறான் என்று சித்தி சொல்லியிருந்தாள். நம்பாமல் வீட்டில் கிடந்த இரண்டு சிரட்டைகளை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தேன். குதிரை வந்தது. அதன் பிறகு சித்தி சொன்ன எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா இறந்த பிறகு ராஜபாளையத்தில் எங்களோடுதான் இருந்தாள். பழைய பேப்பர் கட்டுகளை எடைக்கு வாங்கி, கிழித்து, மைதாப் பசை தடவி, பலசரக்குக் கடைகளுக்குப் பை ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. எந்தத் தாளையும் படிக்காமல் பசை தடவ மாட்டாள். அந்தக் காலத்து வாரப் பத்திரிகைகளில் பக்கம் நிரம்பாத இடத்தில் சின்னதாகக் கட்டம் போட்டு ஏதாவது துணுக்கு இருக்கும். சித்தியின் படிப்பெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள்தான் நடந்தது.

வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்பாள். நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது என்பாள். ஒட்டகச்சிவிங்கிக்கு அவ்வளவு நீளக் கழுத்து இருந்தும் அதில் நமக்குள்ள மாதிரி ஏழே எலும்புதான் என்று சொல்லி, என் பின்கழுத்தைத் தடவி எண்ணிக் காட்டுவாள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துபோன போர் ஒன்று உலகத்தில் நடந்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். நம் வீட்டுச் சண்டையே அதைவிட நீளம் என்று அம்மா முணுமுணுத்தாள்.

சில துணுக்குகள் பாதியில் கிழிந்து வரும். வெள்ளி கிரகத்தில் ஒரு நாள் என்பது, என்று ஒரு தாளில் நின்றுவிட்டது. மறுபாதியைத் தேடி சித்தி அந்தக் கட்டு முழுவதையும் பிரித்தாள். மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு நான் வந்துகொண்டிருந்தபோது, பசைக் கையோடு தெருமுனைவரை ஓடிவந்தாள். வெள்ளியில் ஒரு நாள் அங்குள்ள ஒரு வருஷத்தைவிடப் பெரியதாம். மூச்சு வாங்க அதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த மாதிரி ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு தறிக்குப் போனவன். இப்போது என் போனில் தினமும் நூறு துணுக்குகள் வருகின்றன. யாரும் அவற்றுக்காகத் தெருமுனைவரை ஓடிவரவில்லை.

இத்தனை தெரிந்ததுதான் சித்தியின் கல்யாணத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது ஆகியிருந்தது. முதலில் வத்திராயிருப்புப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தார்கள். பிளவக்கல் அணைக்கு மேலே மலையில் எடுத்த தேன் என்று ஒரு பாட்டில் கொண்டுவந்து, அதன் பெருமையை மாப்பிள்ளையின் தாய்மாமன் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி காபித் தட்டை நீட்டியபடியே, தேன் என்பது தேனீ குடித்து வயிற்றில் வைத்திருந்து திரும்பக் கக்குவது என்று மரியாதையாகச் சொன்னாள். காபியையும் அவர்கள் குடிக்கவில்லை. அடுத்து வந்த இடமும் இதே மாதிரி போயிற்று. அம்மா சித்தியின் கையை என் தலையில் வைத்து, தாலி ஏறும்வரை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு துணுக்கும் வாயில் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். துணுக்கு வந்தால் என் தலைக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் இடம் வந்தது. மாப்பிள்ளை, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். குரலே வெளியில் வராத மனிதர். அவருடைய அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். மகனுக்கு வராத குரல் முழுவதும் அவரிடம் இருந்தது. பெண் பார்க்க வந்தார்கள், சித்தி வாயைத் திறக்கவில்லை, பிடித்துவிட்டது என்று சொல்லிப் போனார்கள். அடுத்தது நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வர வேண்டும். வாழப்போகிற பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

கிளம்புவதற்கு முன் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வீடு எம்புட்டுப் பெருசு, கெணறு இருக்கா, இதெல்லாம் பெரியாளுக பாத்துக்கிடுவாவ. நீ வேற ஒண்ணு பாரு. எல்லாரும் ஒரு காரணம் சொல்லுவாவ, உத்துப் பாத்தா அது வேற மாதிரி இருக்கும். அப்படி எதையாச்சும் பாத்தா என்ட்ட வந்து சொல்லுலே."

அந்த வீட்டில் எல்லோரும் காரணம் சொன்ன ஒரே பொருள் ஒரு நாய். முழு வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, தண்ணீர் மாதிரி வெளிறிய நீலக் கண். எங்கள் ஊரில் வாங்கிய ராஜபாளையம் நாயை எங்களுக்கே காட்டி, அதன் அருமையை ஏட்டு அரைமணி நேரம் விளக்கினார். டைகர், டைகர் என்று கூப்பிட்டார். அது காம்பவுண்டுச் சுவர்மேல் இருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கூப்பிட்ட ஒடனே ஓடியாந்தா அது நாயி. இது ராஜ வம்சம். யோசிச்சுத்தான் வரும்" என்றார்.

ஆடிப்பூரத் தேரன்று வாசலில் வெடித்த வெடிக்கு ஊர் நாயெல்லாம் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தபோது இது மட்டும் புரண்டுகூடப் படுக்கவில்லையாம். நாங்கள் நம்பவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, உள்ளே போய் ஒரு வெடியை எடுத்துவந்து, தூங்கத் தொடங்கியிருந்த நாய்க்குப் பத்தடி தள்ளி வைத்துக் கொளுத்தினார். அப்பாவின் வேட்டியில் காபி கொட்டியது. பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். நாய் தூங்கியது. இந்த ஜில்லாவிலேயே வெடிக்கு அஞ்சாத நாய் இது ஒன்றுதான் என்று ஏட்டு சொல்ல, எங்கள் ஊர்ப் பெருமையும் அதில் கலந்திருந்ததால் நாங்களும் ஆமாம் என்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கொல்லைப்பக்கம் போனேன். நாயும் அங்கே வந்து வேலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்தார். அவர் அதைக் கூப்பிடவில்லை. குதிகாலால் தரையில் இரண்டு முறை தட்டினார். அடுத்த நொடி அது சுற்றித் திரும்பி அவர் காலடிக்குப் பாய்ந்து வந்தது. என்னைப் பார்த்ததும் அவர் லேசாக வெட்கப்பட்டு, உள்ளே போய் ஓர் உருண்டை பால்கோவா எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது சித்தி பசையை ஓரமாக வைத்துவிட்டாள். கண் என்ன நிறம் என்று கேட்டாள். பிறகு, தரையில் தட்டியது யார் என்று கேட்டாள். அவர்தான் என்றேன். ஏட்டையா இல்லையே, அவியதானே என்று மறுபடி கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். எனக்கு அலுப்பாக இருந்தது.

நல்ல துணுக்கு உள்ள பைகளைக் கடைக்கு அனுப்பாமல் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்பாள். அதிலிருந்து இரண்டை எடுத்து என் முன்னால் விரித்தாள். நீலக் கண் உள்ள வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குக் காது கேட்காது என்று ஒன்றில் இருந்தது. பாம்புக்கு வெளிக்காது இல்லை, தரையின் அதிர்வைத் தாடையால் உணரும் என்று மற்றதில் இருந்தது. நாயைப் பற்றி இரண்டிலும் ஒரு வார்த்தை இல்லை. சித்தி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த நாய்க்குக் காது கேட்காது என்றாள். அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகவே இல்லை. போன நாங்கள் எட்டுப் பேரும் அதைப் பார்க்கவில்லை.

போய்ச் சொல்ல வேண்டாமா என்றேன். அக்காவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று சொல்லி என் தலையைத் தடவினாள்.

அடுத்த வாரம் பூ வைக்க வந்தார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு உறுதி, பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள். அம்மா விடிந்ததிலிருந்து நாலு முறை சித்தியைப் பார்த்துத் தன் உதட்டில் விரல் வைத்துக் காட்டியிருந்தாள். சித்தி பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிரே மாப்பிள்ளை, அவருக்குப் பக்கத்தில் ஏட்டு.

நாய் சௌக்கியமா என்று பெரியப்பா மரியாதைக்குக் கேட்டார். ஏட்டின் முகம் கறுத்தது. முந்தாநாள் பால்காரர் தூங்கிக்கொண்டிருந்த நாயின் முதுகைத் தொட்டிருக்கிறார், அது திரும்பிக் கையைக் கடித்துவிட்டது. வளர்த்த நன்றி இல்லாத பிராணி, நாளைக்கு நாய் பிடிக்கிறவர்கள் வருகிறார்கள், ஒப்படைத்துவிடப் போகிறேன் என்றார். பிடித்துக்கொண்டு போன நாய் திரும்பி வராது என்பது அந்தக் காலத்தில் எங்களுக்குக்கூடத் தெரியும். பெரியவர்கள் எல்லோரும், ஆமாம், கடித்த நாயை வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள்.

சித்தி தலையை நிமிர்த்தி மாப்பிள்ளையைப் பார்த்தாள். பூ வைக்கும் நேரத்தில் பெண் அப்படிப் பார்க்க மாட்டாள். அவர் வாய் திறந்தது, மூடியது. பிறகு அவர் பாயின் ஓரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு சித்தியின் தலைக்குக் குனிந்தாள். சித்தி தலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"அதுக்குக் காது கேக்காது. வெடிக்கு அஞ்சலன்னு சொல்லுதீய, வெடிச்சதே அதுக்குத் தெரியாது. தூக்கத்துல பின்னால வந்து தொட்டா எந்த உசுருந்தான் கடிக்காது? அத அனுப்பிராதீய."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. நான் என் தலையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

ஏட்டு எழுந்தார். "வீட்டுக்கே வராத பொண்ணு எங்க வீட்டு நாய்க்கு நொட்டை சொல்லுது" என்று என் அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். மல்லிகைச் சரம் தட்டுக்குத் திரும்பியது. தட்டு வாசலுக்குப் போனது. மாப்பிள்ளை கடைசியாகப் போனார். செருப்பை மாட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

நாயின் கண் நிறத்தை வந்து சொன்னவன் நான் என்று தெரிந்ததும் அம்மா எனக்கு முதுகில் ஒன்று வைத்தாள். சித்தியோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு நாய்க்காக வந்த மாப்பிள்ளையைத் தொலைத்தவள் என்று தெருவில் சொன்னார்கள். சித்தி பை ஒட்டினாள். படிக்காமலே சில தாள்களில் பசை தடவியதை நான் பார்த்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாப்பிள்ளை தனியாக வந்து எங்கள் வாசலில் நின்றார். அப்பா வெளியில் போயிருந்தார். பூ வைக்காத வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று மாப்பிள்ளை படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அம்மா ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். சித்தியும் அங்கேதான் இருந்தாள். ஆகவே அவர் என்னிடம் பேசினார்.

பூ வைக்க வந்த அன்று ராத்திரியே, நாய்க்குக் காது கேட்காது என்று தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். அப்பாவை எதிர்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். நாயின் முதுகுப்பக்கம் நின்று வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டிக் காட்டியிருக்கிறார். ஏட்டு பார்க்காத மாதிரி போய்விட்டார். ஆனால் விடிகாலையில், யாரும் எழவில்லை என்று நினைத்து, அவரே ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு நாய்க்குப் பின்னால் போய் நின்று தட்டித் தட்டிப் பார்த்தாராம். நாய் பிடிக்கிறவர்கள் வந்தபோது, நம் வீட்டில் நாயே இல்லையே என்று சொல்லி அனுப்பியதும் அவர்தானாம்.

இதை மாப்பிள்ளை எனக்குத்தான் சொன்னார். ஆனால் அடுக்களைவரை கேட்கும்படி சொன்னார். அவருக்கு அவ்வளவு குரல் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு, "ஒங்க சித்திட்ட கேட்டுட்டு வா தம்பி, காது கேக்காத நாயை எப்படிக் கூப்பிடணும்னு" என்றார்.

நான் பத்தடி நடந்து போய்க் கேட்டேன். சித்தி அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, அவியளுக்கே தெரியும் என்று சொல்லச் சொன்னாள். வந்து சொன்னேன். ஆமாம், தெரியும்தான், ஆனாலும் கேட்டுவரச் சொன்னேன் என்று சொல் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கொல்லையில் என் கண் முன்னால் தட்டியவர் இவர்தானே. தெரிந்த ஒன்றை யாராவது கேட்பார்களா? தெரியாததைக் கேட்பதற்கே நாள் போதவில்லை என்பதுதான் சித்தி எனக்குச் சொல்லியிருந்தது. இருந்தாலும் அவர் சொன்னதை அவளிடம் போய்ச் சொன்னேன். அம்மா அரிவாள்மனையை நிறுத்திவிட்டுச் சித்தியைப் பார்த்தாள், பத்து நாளுக்குப் பிறகு. தரையில் ரெண்டு தட்டுத் தட்டணும் என்று சொல்லு என்றாள் சித்தி.

சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் வாசல் தரையில் குதிகாலால் இரண்டு முறை தட்டினார்.

"இப்படியா?"

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சித்தி பசை காய்ந்த விரல்களோடு நிலைப்படிவரை வந்து நின்றிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பலமா" என்றாள்.

அவர் மறுபடி தட்டினார். சித்தி சிரித்தாள், அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது, அரைமணி நேரப் பஸ் தூரம். இங்கே தட்டுவது அதற்கு எப்படித் தெரியும்? பாம்பைப் போல அத்தனை தூரமும் தரை வழியாகவே தெரிந்துகொள்ளும் போலிருக்கிறது, அதுவும் எந்தப் பையிலாவது எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளை நாய் ஓடிவருகிறதா என்று நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.