நான்கு ஜிபிக்கு மேல்

செய்தித்தாள் வேலையை விட்ட பிறகு, மதுரையில் வீடியோக்களைச் சேமிக்கும் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்துக்குக் கையேடு எழுதினேன். ஒவ்வொரு பதிப்பிலும் பழைய பக்கங்களை எடுத்து, மாறியதை மட்டும் திருத்துவேன். ‘நான்கு ஜிபிக்கு மேல் உள்ள வீடியோவைச் சேமிக்க முடியாது. வேண்டாத பகுதியை நீக்கவும்’ என்ற வரியை யாரும் குறை சொன்னதில்லை. அதனால் அப்படியே விட்டுவந்தேன். அந்த வரம்பு பழைய விண்டோஸுக்கு மட்டும் உரியது என்று எங்கும் எழுதவில்லை.

சென்ற ஆண்டு எழுமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தன் தம்பி கல்யாணத்தை அவரே படம்பிடித்திருந்தார். அந்தத் தம்பி விபத்தில் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

“அண்ணே, பந்தியில மாப்ள கோலத்துல உக்காந்து எல்லாரையும் கேலி பண்ணிக்கிட்டு இருந்தான். நாலு ஜிபிக்கு மேல போகுதுன்னு அம்புட்டையும் வெட்டிட்டேன். மிச்சம் இருக்குறது தாலி கட்டுறதுதான், அதுல அவன் வாயே தொறக்கல. இப்ப அவன் குரலே எங்கிட்ட இல்ல. கேமராவுல இருந்த மெமரி கார்டுலயும் அப்புறம் ரெண்டு கல்யாணம் எடுத்தாச்சு. திரும்ப எடுக்க வழி இருக்கா?”

வழியில்லை என்றேன். எந்த விண்டோஸ் என்று கேட்டேன். புதியதுதான்.

“அப்ப வெட்டியிருக்கவே வேணாமாண்ணே?”

“வேணாம்.”

“புத்தகத்துல போட்டிருந்துச்சு” என்றார். குரலில் கோபமில்லை.

அன்று மாலையே அந்த வரம்பு எந்த விண்டோஸுக்கு உரியது என்பதைச் சேர்த்தேன். திருத்திய பக்கத்தை வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்பினோம். அவருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.