அடித்தவர்தான் இறங்க வேண்டும்

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எத்தனை கோலுங்க போட்டிருக்கீங்க?" பஸ்ஸில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில், நான் வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே டாக்டர் கேட்டார். நான் கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறவள். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, தலையை நிமிர்த்திப் பார்த்து, நல்ல இடத்தில் நிற்கிறவளுக்குத் தள்ளிவிடுவது என் வேலை. அதைச் சொன்னதும் கேட்டவர்கள் முகம் சுருங்கிவிடும். கோல் போட்டவளைத்தான் தோளில் தூக்குவார்கள். அவள் காலுக்குப் பந்து வானத்திலிருந்து விழுந்தது என்று நினைப்பு.

எங்கள் ஊர் மலையில், மஞ்சக்குட்டை கிராமத்துக்கு மேலே இருக்கிறது. மலையில் மட்டமாக ஓர் இடம் அகப்பட்டால் அதில் காப்பிக்கொட்டை காயப்போடுவார்கள், இல்லாவிட்டால் ரிசார்ட் கட்டுவார்கள். எங்களுக்கு மிஞ்சியது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அதுவும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்வு முடிகிற இடத்தில் காப்பித் தோட்டம் ஆரம்பித்து, கீழே ஓடை வரைக்கும் இறங்கிக்கொண்டே போகும். பந்து அங்கே போனால் அட்டைக்கடி, முள், எஸ்டேட் காவல்காரரின் வசவு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் மீட்டு வர வேண்டும். அதனால் அங்கே எங்களுக்கு இருந்தது ஒரே சட்டம்: அடித்தவர்தான் இறங்க வேண்டும். அழுதாலும் விடமாட்டோம். அவள் பந்தோடு ஏறி வரும்வரை ஆட்டம் நிற்கும். மற்றவர்கள் புல்லில் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அப்படிப்பட்ட இடத்தில் யார் ஓங்கி அடிப்பார்கள்? தரையோடு தரையாக, பக்கத்தில் நிற்கிறவள் காலுக்கு அளந்து தள்ளக் கற்றுக்கொண்டேன். அந்தத் தள்ளலைப் பார்த்துத்தான் சமவெளியில் ஒரு பெரிய ஊர் கிளப்பின் பயிற்சியாளர் என்னை ஒப்பந்தம் போட்டு எடுத்தார். எடுத்த பிறகு, ஏன் தூரத்திலிருந்து கோலை நோக்கி அடிப்பதில்லை என்று அதே பயிற்சியாளர் கத்த ஆரம்பித்தார். எங்கள் ஊர் மைதானம் சாய்வு என்று சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கூட ஆடுகிறவள் ஒருத்தி சிரித்தாள். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல். அதை அவளிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

லீக்கில் என் முதல் ஆட்டத்திலேயே அது நடந்தது. பெனால்டி கட்டத்துக்குச் சற்று வெளியே பந்து என் காலில் வந்து நின்றது. அடி, அடி என்று எல்லாரும் கத்தினார்கள். சரி, தொலையட்டும் என்று ஓங்கி அடித்தேன். பந்து கம்பத்துக்கு மேலே போய், சுவரைத் தாண்டி வெளியே விழுந்தது. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. விளம்பரப் பலகையைத் தாண்டி, கேட்டைத் தாண்டி ஓடினேன். அங்கே டீக்கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினால், உள்ளே வேறு பந்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. நான் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்ததால் எதிர் அணி அந்த வழியாகவே வந்து கோல் போட்டிருந்தது. ஸ்டேடியமே சிரித்தது. பந்து எடுத்துத் தரத் தனியாகப் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது ஒரு சாதாரண விஷயம்தான். அடித்ததை எடுக்கப் போனவள் கோமாளி, இடுப்பில் கை வைத்து நிற்கிறவள் ஆட்டக்காரி என்பதுதான் எனக்கு இன்னும் சகிக்கவில்லை. அந்த ஓட்டத்தின் வீடியோவுக்குப் பாட்டுப் போட்டு ஊரெல்லாம் போனில் அனுப்பினார்கள்.

சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் கூப்பிட்டார். லீவு முடிந்து வந்ததும் ஒரு பயிற்சி ஆட்டம் வைப்பார்களாம். அதில் நான் தூரத்திலிருந்து அடித்தால் ஒப்பந்தம் நீளும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை அவர் தன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மே மாதம் ஊருக்கு வந்தேன். என் வேலை தொங்கலில் இருப்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஊர் எனக்கு அந்தச் சாய்வு மைதானத்தில் பாராட்டு விழாவும் ஓர் ஆட்டமும் வைத்தது. பிளெக்ஸில் என் முகத்தை வெட்டி, கையில் உறை மாட்டிய கோல்கீப்பர் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் எங்கள் பக்கத்து ரிசார்ட் முதலாளி. எங்கள் மைதானத்தைக் கார் நிறுத்தக் கேட்டு அலைந்த அதே ஆள், அன்றைக்கு மலையின் சிங்கக்குட்டி என்று என்னைப் பற்றி மைக்கில் முழங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிறேன் என்று ஓர் உதை விட்டார். பந்து நேராகக் காப்பிக்குள் இறங்கிப் போயிற்று.

அவர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "கண்ணு, பந்து போயிருச்சு பாரு. ஓடிப்போயி எடுக்கறது உனக்கு நொம்பப் பழக்கமாச்சே. போன்ல பாத்தேன்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. என்னோடு அந்தச் சரிவில் இறங்கி ஏறியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது.

போய் மைக்கை வாங்கினேன். "ஐயா, இந்தக் கிரவுண்டுல அடிச்சவங்கதானுங்க எறங்கோணும். போயிட்டு வாங்க. நாங்க உக்காந்திருக்கோமுங்க."

சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தேன். சிரித்தவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் டிரைவரைத் தேடினார். டிரைவருக்கும் எங்கள் ஊர்தான், அவர் வேறு பக்கம் பார்த்தார். முதலாளி இரண்டு வரிசை காப்பிச்செடி இறங்கி, வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிய, வெறுங்கையோடு ஏறி வந்தார். வழியில் நின்ற என் அம்மாவிடம், "அவசர வேல ஒண்ணு இருக்குதும்மா" என்றார்.

எஸ்டேட்டில் காப்பி பறித்தே காலம் தள்ளிய என் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல் "அப்படீங்களா" என்றாள். அவர் காருக்குள் போய் ஏறிக்கொண்டார்.

அந்தப் பந்தை யாரும் எடுக்கவில்லை. லீவு முழுக்க நான் வேறு பந்தை வைத்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடித்தேன். ஒவ்வொரு தடவையும் இறங்கி எடுத்து வந்தேன். சிறப்பு விருந்தினர்களை நினைத்துக்கொண்டு அடித்தால் காலுக்கு நல்ல பலம் வருகிறது.

பயிற்சி ஆட்டத்தை கிளப் போனில் நேரலையாகக் காட்டியது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து கிடைத்தது, அடித்தேன். அது பழையபடி சுவரைத் தாண்டிப் போயிற்று. கால்கள் கேட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தன. நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். யாரோ வேறு பந்து போட்டார்கள், ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாம் பாதியில் அதே தூரத்திலிருந்து அடித்தது வலைக்குள் போயிற்று. பயிற்சியாளர் முதல் தடவையாகப் போனிலிருந்து கண்ணை எடுத்தார். ஒப்பந்தம் நீண்டது.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முழு ஆட்டமும் பார்த்திருந்தாள்.

"மொத அடிச்சது வெளிய போச்சே கண்ணு, அந்தப் பந்த யாரு எடுத்தாங்க?"

"தெரியலம்மா. அதுக்கெல்லாம் இங்க ஆளு இருக்குது."

அம்மா, "அப்படீங்களா" என்றாள்.