ஃபெமினா கொடுத்த பெயர்

யார் பேசினாலும் ஃபெமினாவின் விரல்கள் மடியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும். பேருந்தில் கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டால் அதையும் அடிப்பாள், முற்றுப்புள்ளி உட்பட. முப்பத்துநாலு வயது, ஒல்லி உடம்பு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி எப்போதும் ஒரு பரபரப்பு.

குளத்தூரில் உரக்கடை மாடியில் அவளுடைய ஆபீஸ். கடல் கடந்த ஒரு நாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்தபின் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். அறைக்குள் பேனா கூடாது, செல்போன் கூடாது. கைக்குட்டையைக்கூட உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வரலாம். இந்தக் கெடுபிடியில் மேலாளரைவிட இவள் கறார். "பேரை வாயால சொன்னாலும் அது டேட்டாதான்" என்பாள்.

அம்மா அருளம்மாள் ஏழு வருஷமாகக் கேட்கிறாள், "அப்படி என்னத்தத்தான்டி அடிக்கிறே?" ஏழு வருஷமும் ஒரே பதில்: "சொல்லக் கூடாதும்மா. கையெழுத்துப் போட்டுருக்கேன்." ஊரில் யாராவது ஆதார் நகலோடு போனால் பிடுங்கி, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று குறுக்கே எழுதிவிடுவாள். அதற்காக வங்கியில் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

போன மாதக் கடைசியிலிருந்து அந்த நாட்டில் புதுச் சட்டம். நோயாளிகளின் விவரம் இனி எல்லை தாண்டக் கூடாது. அதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். தன் அம்மாவின் சர்க்கரை அளவை எந்த ஊரிலோ ஒருத்தி தெரிந்துகொள்வதை அவள் மட்டும் ஒப்புவாளா? ஆபீஸும் வேறு வேலை பிடித்துவிட்டது. ஆனால் கடைசி நாளின் கடைசிப் பதிவு அவளை விடமாட்டேன் என்கிறது. எழுபத்தொன்பது வயது அம்மாள் ஒருவருக்கு டாக்டர் ஒரு மருந்து சொல்கிறார். அது அவருக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சு அடைக்கும் என்று அதே டாக்டர் ஜனவரியில் சொன்னதை அடித்தவள் இவள்தான். பதறிப்போய் ஒரு சந்தேகக் குறிப்பு அனுப்பினாள். சில நிமிடங்களில், சட்டம் அமலாகும் நேரம் வந்துவிட்டதென்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

"அதைப் பாத்தாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்" என்று மேலாளர் வெற்றிசெல்வன் முன்னால் தினமும் போய் நிற்கிறாள்.

"மெயில் போட்டேம்மா. அந்தப் பேஷண்ட் பத்தி நம்மகிட்டப் பேச அனுமதி இல்லைங்கிறாங்க. மறந்துருங்க."

மறப்பதாவது! சோறு இறங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சட்டம் போட்டவர்கள் மேல் வருகிற கோபம், யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் நிற்கவும் மாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை ஆவூர் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனாள். யாருக்காக, எதற்காகப் பூசை வைக்க வேண்டும் என்ற பூசைக் கருத்தை எழுதும் நோட்டோடு உபதேசியார் பால்ராஜ் உட்கார்ந்திருந்தார்.

"நோயாளி ஒருத்தவங்க சொகமாகணும்னு எழுதுங்க."

"பேரு?"

"பேரு வேணாமே."

"பேரு இல்லாம சாமியாரு பூசையில எப்படிம்மா வாசிப்பாரு? எந்தூரு ஆளு?"

"வெளிநாடு."

"வெளிநாட்டுக்காரவுகளுக்குப் பேரு இருக்காதாக்கும்?"

பெயர் இருந்தது. பிறந்த தேதி, தெரு, விழுங்கும் மாத்திரைகள், எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தன. பேனாவை வாங்கி, கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு பூசையில் சாமியார் வாசித்தார்: "நோயால் வாடும் ஃபெமினா சுகம் பெற வேண்டுமென்று..." கோயிலே திரும்பிப் பார்த்தது. அருளம்மாள் பதறி, மகளின் கழுத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். ஃபெமினா அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டாள்.