கொழுவி நிற்கிற மவுண்ட்

எங்கள் வீட்டில் எவரும் மெதுவாகப் பேசிப் பழகியவர்கள் அல்லர். ஆனால் அந்த வருஷம் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது ஒரு கார். எழுபதுகளில் இந்த நாட்டிலேயே செய்தது. இரண்டு கதவு, வி-எயிட் எஞ்சின், மஸில் கார் என்பார்கள். பழைய கார்களை உடைத்துப் பாகங்களாக விற்கும் யார்ட் ஒன்றில் அப்பா வேலை செய்தார். நசுக்குவதற்கு ஒதுக்கி வைத்திருந்த அதை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மெல்பேர்னின் கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். அது எழும்பி ஓட இரண்டு வருஷம் பிடித்தது. ஓடத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது.

அம்மாவின் அண்ணனுக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. மாமா இங்கே படிக்க வந்து, சிற்றிசன் ஆகி, நகரின் மறுகோடியில் பொயிண்ட் குக்கில் இரண்டு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தவர். நாங்கள் படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்தவர்கள். மாமா நல்லவர்தான். தன் சொல்லை ஒருவரும் கேட்பதில்லை என்று நல்லவர்களுக்கு எப்போதும் ஒரு மனக்குறை இருக்குமே, அது அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

காரில் கடைசியாக மிஞ்சிய வேலை எஞ்சின் மவுண்ட். எஞ்சினைத் தாங்கிச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் இரண்டு துண்டுகள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கேட்டால் சின்ன விஷயம். எங்கள் வீட்டில் அது ஒரு மாதம் ஓடியது.

முதலில் கிடைத்தவை இறப்பர் இல்லாத வெறும் இரும்பு. யார்டுக்கு வரும் ரேஸ்காரர் ஒருவர் சும்மா கொடுத்தவை. அவற்றைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணியதும் அப்பா ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி எஞ்சின் மூடியான போனற்றின் மேல் வைத்தார். தண்ணீர் துள்ளிக் குதித்து முழுவதும் வெளியே வந்துவிட்டது. பிறகு செம்பும் வந்தது. குசினி யன்னல் கிடுகிடுத்தது. அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். எனக்கோ அதைவிட ஆனந்தம் வேறு இல்லை. வகுப்பில் ஒருத்தி என்னைப் பார்த்து, உங்களையெல்லாம் ஒருநாள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய வீட்டு வாசலால் இந்தக் காரில் போகவேண்டும், அவள் வீட்டு யன்னல் எல்லாம் ஆடவேண்டும். என் ஒரே இலட்சியம் அதுதான். அப்பா மறுநாளே இரும்பைக் கழற்றிவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

இரண்டாவது சோடி மாமா இணையத்தில் பார்த்து வாங்கிப் பரிசாகக் கொண்டுவந்தவை. பளபளவென்ற புது மவுண்டுகள். இரண்டு தகடுகளுக்கு நடுவே கறுத்த இறப்பர். அப்பா ஒன்றைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார்.

“இது தகடும் இறப்பரும் வெறும் ஒட்டு, மச்சான்,” என்றார்.

“எல்லாம் ஒட்டுத்தான். நீர் பூட்டும். உங்கடை விசாவே ஆடிக்கொண்டிருக்கு, எஞ்சின் ஆடினா என்ன?”

சொல்லிவிட்டு மாமாவே சிரித்தார். அப்பா “ஓம்” என்றார். அப்பாவின் “ஓம்” சம்மதம் இல்லை என்று மாமாவுக்கு இவ்வளவு காலமாகியும் தெரியவில்லை. மாமாவின் பரிசு பெட்டியோடு கராஜ் சுவர்த் தட்டின் மேல் ஏறியது. அங்கேயே இருந்தது.

மூன்றாவது சோடியை அப்பா யார்டில் ஒரு மூலையில் கண்டெடுத்தார். அந்தக் காருக்கென்றே அந்தக் காலத்தில் செய்த பழைய சரக்கு. இறப்பருக்கு அப்பாவின் வயது இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் முகம் மலர்ந்தது.

“இஞ்சை பார் பிள்ளை, ரெண்டு தகடும் ஒண்டுக்குள்ளை ஒண்டு கொழுவியிருக்கு. இதுதான் வேணும்.”

எங்கள் ஊர்ப் பேச்சில் கொழுவுவது என்றால் மாட்டுவது. சண்டை பிடிப்பதற்கும் அதே சொல்தான். நான் வளர்ந்த வீட்டில் இரண்டாவது அர்த்தமே அதிகம் புழங்கியது. அம்மாவும் மாமாவும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கொழுவுவார்கள். அதனால் கொழுவுகிற மவுண்ட் என்றதும் ஏதோ வீரமான சாமான் என்று நம்பி ஆவலோடு காத்திருந்தேன். பூட்டி ஸ்டார்ட் பண்ணினால், போனற்றில் வைத்த தண்ணீர் மெல்லச் சிலிர்த்ததோடு சரி. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பெரிய எஞ்சினைப் பஞ்சு மெத்தையில் படுக்க வைத்துவிட்டாரே என்று அப்பாவின் மேல் கோபம். அவரைக் கோழை என்றே முடிவு கட்டினேன். வாய்விட்டும் சொன்னேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனற்றை மூடினார்.

கார், வீதியில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வேர்தி பரிசோதனையில் பாஸாகி வந்த வாரம், ஒரு வியாழக்கிழமை, தபாலில் ஒரு கடிதம் வந்தது. அப்பா வாசலில் நின்றபடியே அதை வாசித்தார். பிறகு அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவும் நின்றபடியே வாசித்தார். என்ன கடிதம் என்று கேட்டேன். “காரின்ரை பேப்பர்,” என்று சொல்லி, அதைக் காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்து மூடினார் அப்பா. காரின் பேப்பர் காரில் இருப்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அந்த ஞாயிறு மாமாவின் புது வீட்டுக்குக் குடிபூரல், பால் காய்ச்சிக் குடிபோகிற நாள். சகோதரிதான் நிறைகுடம் கொண்டுபோய் வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மாமா தொலைபேசியில் வந்தார். தன் காரை அனுப்புவதாகவும், நாலு பேர் வருகிற இடத்துக்கு அந்தத் தகரத்தில் வரவேண்டாம் என்றும், குடத்தை வெறுமையாகக் கொண்டுவந்தால் அங்கே நிரப்பலாம் என்றும் சொன்னார். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. நான் அதைத்தான் விசித்திரமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணை, எங்கடை காரிலைதான் வருவம். எங்கடை வீட்டுத் தண்ணிதான் கொண்டுவருவம்.”

வாடகை வீட்டுக் குழாய்த் தண்ணீரில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை. மெல்பேர்ன் முழுவதும் அதே தண்ணீர்தானே.

ஞாயிறு காலை அம்மா பட்டுச் சேலையில் முன் சீற்றில் உட்கார்ந்தார். மடியில் கழுத்தளவு தண்ணீரோடு சின்னப் பித்தளைக் குடம். பின்னால் நான், தேங்காய், மாவிலை, என் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல். நெடுஞ்சாலையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வெஸ்ற் கேற் பாலத்தின் ஏற்றத்தில் ஒரு லொறி பக்கத்தில் வந்து, எங்களைப் பார்த்து ஹோர்ன் அடித்தது. பெயின்ற் அடிக்காத எங்கள் போனற்றைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“மிதியுங்கோ அப்பா!” என்று கத்தினேன்.

அப்பா சும்மா இருப்பார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அவர் மிதித்தார். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. லொறி பின்னுக்குப் போனது. நான் கைதட்டியபோதே அம்மாவின் காலடிப் பக்கமிருந்து ‘டொம்’ என்று ஓர் அடி கேட்டது. கார் குலுங்கியது. பாதிக் குடம் பட்டுச் சேலையில் கொட்டியது. அப்பா உடனே காலை எடுத்தார். எஞ்சினும் உடனே அடங்கியது. மிச்ச வழி முழுவதும் முட்டைகளின் மேல் ஓட்டுவதுபோல ஓட்டினார்.

மாமாவின் வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். அம்மா நனைந்த சேலையோடு இறங்கி, அரைக் குடத்தை எல்லோருக்கும் முன்னால் இடுப்பில் வைத்தார். மாமா பதறிப்போய்க் குழாயைக் காட்டினார். அம்மா என் தண்ணீர்ப் போத்தலைப் பறித்து, மூடியைத் திறந்து, குடம் நிரம்பும்வரை ஊற்றினார். “இதுவும் எங்கடை வீட்டுத் தண்ணிதான்,” என்றார். கார்ட்டூன் பூனை போட்ட இளஞ்சிவப்புப் போத்தல் அது. எனக்கு மானம் போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா போனற்றைத் திறந்தார். இடப்பக்க மவுண்டின் இறப்பர் குறுக்கே கிழிந்து கிடந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

“கிழிஞ்சிட்டுதே! நான் தந்த புதுசைப் போட்டிருக்கலாமெல்லோ?”

“கிழிஞ்சதுதான் மச்சான். ஆனா கொழுவி நிக்குது.”

தோற்றவன் சொல்லும் சாட்டு என்றே நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெறும் ஒட்டு மவுண்டாக இருந்து கிழிந்திருந்தால், எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி, அக்சிலேற்றர்க் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாலத்தின் மேல் கார் நிற்காமல் ஓடியிருக்கும். இதை நானே ஸ்பானர் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அறிந்தேன். டாஷ்போர்ட் பெட்டியில் இருந்தது எங்கள் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் என்பதையும் பல வருஷம் கழித்தே அம்மா சொன்னார். மேன்முறையீடு செய்து, நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். அந்தக் காரை இப்போது ஓட்டுவது நான்.

குடிபூரலுக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. அப்பா வேலைக்குப் போகவில்லை. கிழிந்த மவுண்டுக்கு வேறு தேடிப் போகிறார் என்று எண்ணிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அதற்கு ஏன் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை, எதற்குக் கையில் அந்தக் கடிதம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.